கொல்லைப்புறக் கல் தளம்: எந்தக் குறைக்கு எங்கே பெயர்த்துப் பார்ப்பது

வீட்டுக்குப் பின்னால் 10க்கு 12 அடி இடம். அதில் துணிக்கொடி, ஒரு முருங்கை, செப்டிக் டேங்க் மூடி, போர்வெல் குழாய். மிச்ச இடத்தில் கடப்பாக் கல்லோ தாண்டூர்க் கல்லோ பதித்து நாலு நாற்காலி போட்டுக்கொள்கிறார்கள். பதித்த புதிதில் எல்லாத் தளமும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவரும்: இங்கே குட்டை, அங்கே ஆடும் கல், ஓரத்தில் வெள்ளைப் பூப்பு.

உடனே எல்லோரும் செய்வது, கொத்தனாரைக் கூப்பிட்டு இடுக்குகளில் புதுச் சாந்து அடைப்பது. பத்தில் எட்டுத் தளத்துக்கு அது வீண் செலவு என்பது என் கணிப்பு. குறை கல்லின் மேல் தெரிகிறது, காரணம் கல்லுக்குக் கீழே இருக்கிறது. அதனால் கீழே சொல்லும் எந்தக் குறையாக இருந்தாலும், காசு செலவழிக்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலில், வெயில் இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டுச் சுவரோரம் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி அது போகும் வழியைப் பாருங்கள். தேங்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். அடுத்து, மரச் சுத்தியலாலோ கடப்பாரையின் மழுங்கிய முனையாலோ கல் கல்லாகத் தட்டுங்கள். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது மாதிரிதான். அடைத்த சத்தமா, பொக்கைச் சத்தமா என்று காதே சொல்லிவிடும். மூன்றாவது, உங்கள் கல் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். கடப்பா, தாண்டூர், ஷாபாத், கோட்டா எல்லாமே சுண்ணாம்புக் கற்கள். கிருஷ்ணகிரி, மேலூர்ப் பக்கம் வெட்டுவது கிரானைட். சந்தேகமாக இருந்தால் உடைந்த துண்டு ஒன்றில் கழிவறை ஆசிட் ஒரு சொட்டு விடுங்கள். சுண்ணாம்புக் கல் நுரைத்துப் பொங்கும், கிரானைட் சும்மா இருக்கும். பின்னால் கறை எடுக்கும்போது இது மிகவும் தேவைப்படும்.

மழை விட்டு வெகுநேரமாகியும் தண்ணீர் நிற்கிறது

சாக்பீஸ் வட்டம் ஒரு கல், இரண்டு கல் அளவில் அடங்கினால் அந்தக் கல் மட்டும் இறங்கியிருக்கிறது. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

வட்டம் தளத்தின் பாதியைப் பிடித்தால் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, சரியில்லை. 10 அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலமாவது தண்ணீர் வாட்டம் வேண்டும். மேல்பக்கம் கொத்தி விட்ட சொரசொரப்பான கல்லாக இருந்தால் 2 அங்குலம் கொடுப்பது நல்லது, ஏனென்றால் அதன் குழிகளில் தண்ணீர் தயங்கி நிற்கும். ரசமட்டத்தை ஒரு கல்லின் மேல் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய்) பிடித்து, வீட்டுச் சுவரோரத்துக்கும் எதிர் ஓரத்துக்கும் மட்டம் பாருங்கள். கொத்தனார்கள் இதைச் செய்யாமல் நூலை மட்டும் கட்டி, "கண்ணாலேயே வாட்டம் தெரியுது சார்" என்பார்கள். தெரியாது.

சின்னக் கொல்லையில் இன்னொரு சங்கடம் உண்டு. மூன்று பக்கமும் காம்பவுண்டுச் சுவர், நாலாவது பக்கம் வீடு. வாட்டம் கொடுத்தாலும் தண்ணீர் எங்கே போகும்? அடுத்த வீட்டுப் பக்கம் விட்டால் தண்ணீரோடு சண்டையும் சேர்ந்து போகும். தமிழ்நாட்டில் 2003லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் ஜல்லி நிரப்பிய குழி ஒன்று எங்காவது இருக்கும். பல வீடுகளில் அதன் மேலேயே கல்லைப் பதித்து மூடியிருப்பார்கள். அதைத் தேடிக் கண்டுபிடித்து, மேலே அடைந்திருக்கும் வண்டலை வாரி எடுத்து, ஜல்லியைக் கழுவிப் போட்டுவிட்டு, தளத்தின் வாட்டத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். துணி துவைக்கும் தண்ணீரை மட்டும் அதில் விட வேண்டாம்.

முழுத் தளத்தையும் பெயர்க்க மனமில்லை என்றால் தாழ்ந்த ஓரத்தில் ஒரே ஒரு வரிசைக் கல்லை எடுத்துவிட்டு, 4 அங்குல அகலத்தில் சிறு வாய்க்கால் கட்டி, சல்லடைக் கம்பி மூடி போட்டுக் குழிக்கு இழுத்துவிடலாம். பார்க்கவும் மோசமாக இருக்காது.

மொட்டை மாடிக் குழாய் தளத்தின் மேல் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தாலே ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர் இறங்கும். அதை ஒரே மூலையில் கொட்ட விட்டால் எந்த இடுக்குச் சாந்தும் தாங்காது, கீழே இருக்கும் மணலும் கரைந்து போகும். குழாயை மண்ணுக்குள்ளேயே கொண்டுபோய்க் குழியில் விடுவதுதான் தீர்வு.

கால் வைத்தால் கல் ஆடுகிறது, தட்டினால் பொக்கைச் சத்தம்

ஆடும் கல்லில் ஒன்றைப் பெயர்த்துப் பார்த்துவிடுங்கள். சுற்றியுள்ள சாந்தைச் சின்ன உளியால் கொத்தி எடுங்கள். ஒரு ஓரத்தில் கடப்பாரையை நுழைக்கும்போது பக்கத்துக் கல்லின் விளிம்பு சிதறாமல் இருக்க மரத்துண்டை அண்டக்கொடுங்கள். கல்லைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். அங்கே காண்பது அநேகமாக இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கல்லின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டைச் சாந்து, மற்ற இடமெல்லாம் வெற்றிடம். அவசரத்தில் மட்டம் பிடிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று இப்படி வைத்துவிடுகிறார்கள். நடு இடத்தில் நாற்காலிக் கால் இறங்கினால் 20 மி.மீ. கடப்பா விரிசல் விட்டுவிடும். வெற்றிடத்தில் தண்ணீரும் தங்கும், எறும்பும் குடியேறும்.

இரண்டாவது, சாந்து முழுதாகப் படர்ந்திருக்கிறது, ஆனால் கல்லில் ஒட்டவே இல்லை. கல்லின் அடியில் மாவு மாதிரி வெள்ளைத் தூசி. கல்லைக் கழுவாமல், வெயிலில் காய்ந்த சூட்டோடு அப்படியே பதித்திருக்கிறார்கள். காய்ந்த கல் சாந்திலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுக வழியில்லாமல் போகும்.

மூன்றாவதுதான் கவலைப்பட வேண்டியது. கல்லும் சாந்தும் ஒன்றாக ஒட்டியே வருகிறது, அதற்குக் கீழே மண் பள்ளமாக இறங்கியிருக்கிறது. இதற்கு அடுத்த தலைப்பில் மருந்து இருக்கிறது.

முதல் இரண்டுக்கும் ஒரே வைத்தியம். பழைய சாந்தை முழுக்கச் சுரண்டி எடுங்கள். கல்லின் அடிப்பக்கத்தைக் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் மினுங்காத பதத்துக்கு நிழலில் ஆறவிடுங்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் கலவையை ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, கெட்டியாக, இடம் முழுதும் பரப்புங்கள். கல்லின் அடியில் சிமெண்ட் பால் பூசிய கையோடு இறக்கி, ரப்பர் சுத்தியலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒருதரம் பதித்த பின் மறுபடி தூக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்: சாந்து கல்லின் அடி முழுதும் அச்சுப் பதிந்தாற்போல ஒட்டியிருந்தால் சரி, வெறுமையாகத் தெரியும் இடத்தில் இன்னும் ஒரு கரண்டி வைத்து இறக்குங்கள். ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். அதுவரை யாரும் ஏறக்கூடாது, வீட்டு நாய் உட்பட.

ஒரு பக்கமாகக் கல் வரிசையே இறங்கிவிட்டது

எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது. வீட்டுச் சுவரோரம் என்றால், வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் மண்ணோடு உடைந்த செங்கல், சிமெண்ட் சாக்கு, பலகைத் துண்டு எல்லாவற்றையும் தள்ளி மூடியிருப்பார்கள். அது பல வருஷம் கழித்தும் இறங்கிக்கொண்டே இருக்கும். நேர்கோட்டில் ஒரு பட்டை மட்டும் இறங்கியிருந்தால் கீழே சாக்கடைக் குழாய் போகிறது. குழாய்ப் பள்ளத்தைத் திமிசு போடாமல் (மண்ணை இடித்து இறுக்காமல்) மூடியிருக்கிறார்கள், அல்லது குழாய் மூட்டு கசிகிறது. கசிவு இருந்தால் கல்லைத் தொடும் முன் அதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் தளம் உப்பி, கோடையில் பிளந்து இறங்குகிறது என்றால் கரிசல் மண். கோவில்பட்டி, விருதுநகர், கோவையின் சில பகுதிகளில் வீடு இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஈரம் பட்டால் விரியும், காய்ந்தால் சுருங்கும் அந்த மண்ணின் மேல் நேராகக் கல் பதித்தால் எந்தக் கொத்தனாராலும் காப்பாற்ற முடியாது.

இறங்கிய பகுதியைப் பெயர்த்துவிட்டு முறையாக அடித்தளம் போடுவது தவிர வேறு வழி இல்லை. சாதாரண மண்ணில், தளம் முடிந்ததும் நிற்க வேண்டிய மேல்மட்டத்திலிருந்து 8, 9 அங்குலம் தோண்டுங்கள். கரிசலில் இன்னும் ஆழமாகப் போய், எடுத்த மண்ணைத் திரும்பப் போடாமல் கிராவல் கொட்டுங்கள். தோண்டிய தரையைத் திமிசு போட்டு இறுக்கிய பின் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து 4 முதல் 6 அங்குலம் வர வேண்டும். ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் தட்டினால் மேல்பகுதிதான் இறுகும். 3 அங்குலத்துக்கு ஒரு தரம் இறுக்க வேண்டும். ஈரப்பதம் பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து அமுக்குங்கள்: உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது. வாடகைக்கு பிளேட் காம்பாக்டர் (மண்ணை இறுக்கும் இயந்திரம்) கிடைத்தால் அரை நாளில் வேலை முடியும். ஆனால் பல கொல்லைகளுக்கு அது சந்து வழியே நுழையாது, கைத்திமிசுதான் கதி. இறுக்கி முடித்ததும் குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். தடம் விழுந்தால் இன்னும் அடிக்க வேண்டும்.

வாட்டத்தை இந்த ஜல்லி அடுக்கிலேயே கொண்டுவந்துவிடுங்கள். ஜல்லியை மட்டமாக விட்டுவிட்டு மேலே சாந்தைக் கூட்டிக் குறைத்து வாட்டம் பிடிப்பதுதான் ஒரு பக்கம் 1 அங்குலமும் மறுபக்கம் 3 அங்குலமுமாகச் சாந்து போய்ச் சேரக் காரணம்.

அதன் மேல் என்ன என்பது கல்லின் தடிமனைப் பொறுத்தது. 40, 50 மி.மீ. கனமான கல் என்றால் ஒரு அங்குலம் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பரப்பிப் பதிக்கலாம். பூச்சுக்கு விற்கிற பி-சாண்ட் வாங்கிவிடாதீர்கள், அது நைஸாக இருப்பதால் தண்ணீரை இறக்காது. 20 மி.மீ. கடப்பாவை மணல் மேல் போடவே கூடாது. 3 அங்குலம் கான்கிரீட் போட்டு, அதன் மேல் சாந்தில் பதிக்க வேண்டும். என்னைக் கேட்டால் சின்ன இடத்துக்குக் கனமான கல்லும் மணல் படுக்கையும்தான். பின்னால் ஒரு கல் இறங்கினால் அரை மணி நேரத்தில் நீங்களே தூக்கிச் சரிசெய்யலாம், மழைத் தண்ணீரும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் மண்ணுக்குள் போகும்.

வெளி வரிசை விலகுகிறது, இடுக்கு அகலமாகிறது

ஓரத்துக்கு அணை இல்லை. மண்ணை ஒட்டி நிற்கும் கடைசி வரிசையை எதுவும் பிடித்து நிறுத்தவில்லை என்றால் கீழே இருக்கும் மணல் பக்கவாட்டில் வழிந்து போகும். விலகிய கல்லை மட்டும் உள்ளே தள்ளிச் சாந்து அடைப்பது ஒரு மழைக்குத் தாங்கும். ஓரம் முழுதும் ஒரு அடி ஆழத்துக்கு வாரி, கிரானைட் கர்ப் கல்லையோ (ஓரத்தில் நிறுத்தும் கல்) செங்குத்தாக நிறுத்திய செங்கல்லையோ கான்கிரீட்டில் ஊன்றி, வெளிப்பக்கம் சாய்வாகக் கான்கிரீட் அண்டை கொடுங்கள். அண்டையின் மேல் 3 அங்குலம் மண் போட்டால் புல் வளர்ந்து மறைத்துவிடும்.

இடுக்கில் கோரை முளைக்கிறது, எறும்பு மண் தள்ளுகிறது

கோரையைப் பிடுங்கிப் பிடுங்கி அலுத்தவர்களுக்குத் தெரியும், மேலே தண்டு வரும், கீழே கிழங்கு நிற்கும். கல் பதிக்கும் முன்பே மண்ணைச் சலித்துக் கிழங்கை எடுத்திருக்க வேண்டும். இப்போது கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, வாடியதும் பிடுங்கிவிட்டு, இடுக்கை 2 அங்குல ஆழம்வரை சுரண்டி, சிறு ஜல்லிச் சில்லை அடர்த்தியாக அடைக்கலாம். உப்புக் கொட்டச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். உப்பு கல்லுக்குள் ஏறி அதை உதிர்த்துவிடும்.

எறும்பு தள்ளுவது உங்கள் படுக்கை மணல்தான். எங்கே மண் குவிகிறதோ அங்கே கல்லுக்கு அடியில் பொந்து விழுந்திருக்கிறது. மருந்து போட்டு எறும்பை விரட்டினாலும் பொந்து அப்படியே இருக்கும்; கல்லைத் தூக்கி நிரப்புங்கள்.

சாந்து அடைத்த இடுக்கு தகடு தகடாகப் பெயர்ந்தால், அடைத்தவர் மேலோட்டமாகக் கால் அங்குலம் பூசிவிட்டுப் போயிருக்கிறார். கல்லின் கனத்தில் பாதி ஆழமாவது கொத்தி, தூசி போகக் கழுவி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையைக் கெட்டியாகத் திணிக்க வேண்டும். கீழே கல் ஆடிக்கொண்டிருந்தால் இதுவும் நிற்காது.

வெள்ளை பூக்கிறது

விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி வந்தால் உப்பு. பொடி வராமல் விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தால் யாரோ ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். கல்லின் மெருகே அரித்துப்போயிருக்கிறது, தேய்த்து மறுபடி மெருகேற்றினால்தான் உண்டு.

உப்பு இரண்டு வழியில் வரும். சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலேறிக் காற்றுப் பட்டு வெளுப்பது ஒன்று. அது சில மாதங்களில் தானே குறையும். மற்றது தண்ணீரின் உப்பு. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உவர் போர்வெல் தண்ணீரில் கலவை குழைத்து, அதையே கியூரிங்குக்கும் (சாந்து இறுக ஈரம் காட்டுவதற்கும்) ஊற்றியிருந்தால் வருஷக்கணக்கில் பூத்துக்கொண்டிருக்கும்.

முதலில் காய்ந்த நிலையிலேயே துடைப்பத்தால் தேய்த்து வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டால் பாதி உப்பு கரைந்து திரும்பக் கல்லுக்குள்தான் போகும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். விடாமல் பூத்தால் கீழிருந்து ஈரம் வருகிறதா என்று பார்க்க ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர் இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. அப்படி ஏறும்போது பளபளக்கும் கோட்டிங் அடித்தீர்களானால் உப்பு அதற்கு அடியிலேயே பூத்து, தோல் உரிகிற மாதிரி உரியும். கோட்டிங் அடிக்கத்தான் வேண்டும் என்றால் சித்திரை வெயிலில் நன்றாகக் காய்ந்த பின், படலம் கட்டாமல் கல்லுக்குள் இறங்கும் வகையை அடியுங்கள்.

கல் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது

கடப்பா அடுக்கடுக்காகப் படிந்து உருவான கல். அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரும் உப்பும் போனால் தகடாகக் கழன்றுவிடும். உதிர்ந்த கல்லுக்கு மருந்து இல்லை, மாற்ற வேண்டியதுதான். புதுசு வாங்கும்போது ஒவ்வொரு கல்லையும் நிறுத்தி வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் எடுங்கள், சத்தம் அமுங்கினால் ஒதுக்குங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

வழுக்குகிறது

பாலிஷ் போட்ட கடப்பாவை வெளியே பதித்திருந்தால் ஈரத்தில் வழுக்கத்தான் செய்யும். மேல்பக்கத்தைக் கொத்திவிடச் சொல்லலாம். கிரானைட் என்றால் தீ வாட்டிச் சொரசொரப்பாக்கிய வகையே கிடைக்கிறது.

பாசிதான் காரணம் என்றால் பிளீச்சிங் பவுடரை நீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விடுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் எக்காரணம் கொண்டும் ஆசிட் ஊற்றாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைக் கெடுத்துவிடும். பாசி திரும்பத் திரும்ப வந்தால் அங்கே வெயில் படவில்லை, அல்லது தண்ணீர் நிற்கிறது. முருங்கைக் கிளையைக் கழித்துப் பாருங்கள்.

வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுகிறது

தளம் போடும் முன் இல்லாத ஓதம் இப்போது வந்திருந்தால் தளம் உயர்ந்துவிட்டது என்று அர்த்தம். தளத்தின் மேல்மட்டம் வீட்டின் பிளிந்த் மட்டத்துக்கு (அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும் மட்டம்) அரை அடியாவது கீழே நிற்க வேண்டும். பழைய சிமெண்ட் தரையை உடைக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே கல் பதிக்கும் வீடுகளில்தான் இது அதிகம். சுவரை ஒட்டிய ஒரு வரிசையை எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கொஞ்சம் தாழ்த்திக் கூழாங்கல் நிரப்பினால் தெறிக்கும் மழைத் தண்ணீர் சுவரில் படாது.

கறைகள்

கிரானைட்டில் துருக்கறை வந்தால் ஆக்சாலிக் ஆசிட் கரைசலைக் கையுறை போட்டுக்கொண்டு தடவி, பிறகு நன்றாகக் கழுவலாம். சுண்ணாம்புக் கல்லில் எந்த ஆசிட்டும் வேண்டாம். எலுமிச்சை, புளி கூடத் தழும்பு வைக்கும். எண்ணெய் சிந்தினால் சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, பாலித்தீன் மூடி, மறுநாள் காய்ந்ததும் சுரண்டி எடுங்கள். ஒரு தரத்தில் போகாது.

கல் மேலே எழும்புகிறது

கோடையில், கான்கிரீட் மேல் பதித்த தளத்தின் நடுவில் இரண்டு கல் ஒன்றையொன்று முட்டிக் கூரை மாதிரி நின்றால், சூட்டில் விரிய இடம் இல்லை. சுவர்களை ஒட்டிய சாந்தைக் கொத்தி 10 மி.மீ. இடைவெளி விட்டு, இளகும் சீலன்ட்டால் அடைத்துவிட்டு எழும்பிய கற்களைத் திரும்பப் பதியுங்கள்.

மரத்தை நோக்கிப் போகப் போக உயர்ந்தால் வேர். வேரை வெட்டினால் அடுத்த புயலுக்கு மரம் யார் வீட்டுக் கூரையில் விழும் என்று சொல்ல முடியாது. மரத்தைச் சுற்றி 3 அடி கல்லை எடுத்துவிட்டு மண்ணாக விட்டுவிடுங்கள். தென்னையாக இருந்தால் இன்னும் தள்ளியே நில்லுங்கள். மட்டையும் தேங்காயும் விழுந்து 20 மி.மீ. கல் உடைவதைச் சாந்துக் குறை என்று கொத்தனார் மேல் போடக்கூடாது.

பெயர்க்கிற சமயத்தில் ஒரு காரியம்: செப்டிக் டேங்க் மூடி, சாக்கடை சேம்பர் ஆகியவற்றின் மேல் வரும் கற்களைச் சாந்தால் ஒட்டாதீர்கள். கொக்கி மாட்டித் தூக்கும்படி சட்டத்தில் உட்காரவையுங்கள். போர்வெல் கேசிங் குழாயின் வாய் தளத்துக்கு மேலே ஒரு அடியாவது நீட்டிக்கொண்டு, மூடியோடு இருக்கட்டும். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கினால் கல்லைவிடப் பெரிய செலவு வரும்.